குளத்துக்குக் கூட்டம் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை!

வன்னியில் எந்தக் கிராமத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லை. முதலாந் தவணை போயிற்று. இரண்டாந் தவணையும் போயிற்று. பிள்ளையைப் பெற்ற கமக்காரர் யாரிடம் சென்று முறையிடுவது? அதிபரைக் கேட்டால், கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதியாயிற்று என்பார். கோட்டம் வலயத்தைக் காட்டும். வலயக் கல்விப் பணிப்பாளர் மாகாணக் கல்வித் திணைக்களத்தைக் காட்டுவார். திணைக்களம் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளரைக் காட்டும். செயலாளர் ஆளுநரின் ஆணைக்குக் காத்திருப்பார். ஆளுநரோ சனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். சனாதிபதியின் விருப்பம் உள்ளவரை மட்டுமே அப்பதவியில் இருக்கக்கூடியவர்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். மாகாண சபை இல்லாத இக்காலத்தில் இவர்களுள் மக்களின் வாக்கினால் பதவிக்கு வந்தவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர். அவர் நாட்டின் சனாதிபதி! ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் வரவில்லை என்ற குறையை அக்கிராமத்து மக்கள் வாக்குச்சீட்டின் மூலம் தெரிவிக்க விரும்பினால், நாடு முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் சனாதிபதித் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். இதனைச் சனநாயகம் என்று அழைப்பவர் சனநாயகத்தை ஏளனஞ் செய்பவரேயாவர்.

நாம் இவ்வாரம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் யாருக்குப் பொறுப்பாக நடத்தப்படுகின்றன? பெற்றவருக்கா, அன்றி நியமனக் கடிதம் வழங்கியவருக்கா? அதிகாரப் பகிர்வு வேண்டுமென்று மேடைதோறும் முழங்குவோர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கொழும்பிலிருந்து புறப்பட்ட அதிகாரம் யாழ்ப்பாணத்து ஆளுநர் அலுவலகத்தில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிடுமானால், நெடுங்கேணிப் பெற்றோருக்கு அதனால் விளையும் பயன் யாது? கல்வி வலயம் ஒவ்வொன்றும் பெற்றோர் தெரிந்தெடுக்கும் சபையொன்றுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதுவே நமது கோரிக்கை. இதற்குக் குறைந்த எதுவும் பகிர்வு அன்று, இடமாற்றம் மட்டுமே.

சட்டம் தந்தது என்ன?

அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987 நவம்பரில் நிறைவேறியது. அதன் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபைகளுக்குரிய நிரலில் கல்வி இடம்பெற்றது. மூன்றாம் அனுபந்தம் அதனை விரித்துரைக்கிறது. அரசாங்கப் பாடசாலைகளுக்கு வசதிகள் அளித்தல், ஆசிரியர், அதிபர், கல்வி அதிகாரிகள் ஆகியோரின் இடமாற்றமும் ஒழுக்காற்றுக் கட்டுப்பாடும், கட்டடங்கள், நூலகங்கள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றை அமைத்துப் பேணல், முன்பள்ளிகளின் மேற்பார்வை எல்லாம் மாகாணத்துக்கே உரியன என்று அது சொல்கிறது. ஆரம்ப வகுப்புப் பாடத்திட்டத்தில் உள்ளூர் நிலைமைக்கேற்ற மாற்றங்களைத் தேசிய கல்வி நிறுவகத்தின் அங்கீகாரத்தோடு செய்யவும் அது வழி வைத்தது.

இதனைக் கையில் எடுத்து வாசிப்பவர், பள்ளிக்கூடம் மாகாண மக்களின் கைக்கு வந்துவிட்டது என்றே எண்ணுவர். ஆயின் சட்டத்தில் முன்கதவால் வந்தது பின்கதவால் போன விதத்தைக் கவனியுங்கள்.

முதலாவது கதவு, "குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள்" என்னும் விதிவிலக்கு. தேசியப் பாடசாலைகள், படைச் சேவையினருக்கான விசேட பாடசாலைகள், குறித்த அபிவிருத்தித் திட்டங்களுக்கான பாடசாலைகள் ஆகியன மாகாணத்துக்கு உரியன அல்ல என்றது அனுபந்தம். எது தேசியப் பாடசாலை என்பதை மாகாணம் தீர்மானிப்பதில்லை. மத்திய கல்வி அமைச்சே தீர்மானிக்கிறது. வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "நான் விரும்பும் அறையை விரும்பும்போது திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று உறுதியில் ஒரு வரி சேர்த்தால், அந்த நன்கொடைக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதை எந்த நொத்தாரிசும் சொல்லுவார்.

நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறத்தாழ 400 தேசியப் பாடசாலைகளாக உள்ளன. தொகையில் இவை சிறியன. தரத்திலோ எல்லோரும் நாடும் பள்ளிகள் இவையே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் இப்பட்டியலில் உள்ளவை. ஊர் மக்களின் பணமும் உழைப்பும் கொண்டு தழைத்த கல்விக்கூடங்களின் அதிபர் நியமனம் பத்தரமுல்லை இசுருபாயவில் தீர்மானிக்கப்படுகிறது. 2021 இல் அரசாங்கம் இத்தொகையை 1000 ஆக்கப்போவதாக அறிவித்தது. மேலும் சில நூறு பள்ளிகளின் பெயர்ப்பலகையை மாற்றி மாகாணத்தின் கையிலிருந்து பறிக்கும் இத்திட்டத்துக்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இன்றி, மக்கள் தீர்ப்பு இன்றி, பதின்மூன்றாம் திருத்தத்தின் ஓர் அங்கத்தை அறுத்தெடுக்கும் கத்தி அதே திருத்தத்துள் வைக்கப்பட்டிருந்தது!

"தேசியப் பாடசாலை ஆனால் பணம் கூடுதலாக வரும், நம் பிள்ளைகளுக்குத்தானே நன்மை?" என்று கேட்கும் நல்ல மனிதர்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது இது: பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமாயின் அதன் உரிமையைக் கையளிக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தவர் யார்? அதே பணத்தை மாகாணத்துக்குத் தருவதற்குத் தடை என்ன? உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1 ஏபி வகைப் பாடசாலைகள் நாடு முழுவதிலும் பத்தில் ஒரு பங்களவே. வன்னிக் கிராமத்துப் பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆகவேண்டுமானால் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியுள்ளது. புதிய பெயர்ப்பலகைகள் இந்நிலையை மாற்றா. இருக்கும் சில பள்ளிகளைப் பெரிதாக்குவதும் மாற்றாது. கோட்டத்துக்கு ஒரு பள்ளியிலேனும் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கற்பிக்க ஆளும் ஆய்வுகூடமும் வேண்டும். எந்தக் கோட்டத்தில் எது இல்லை என்பதை அறிந்தவர் அக்கோட்டத்தில் வாழ்பவரேயன்றி வேறு யார்?

ஆளுநரின் கை

இரண்டாவது கதவு 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். மாகாணப் பொதுச் சேவையில் உள்ளோரை நியமிப்பதும் இடமாற்றுவதும் பதவி நீக்குவதும் ஆளுநருக்குரியன என்கிறது அதன் 32 ஆம் பிரிவு. அவ்வதிகாரத்தை அவர் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். அவ்வாணைக்குழுவின் உறுப்பினரை நியமிப்பவரும் 33 ஆம் பிரிவின்படி ஆளுநரே! ஆகவே, மாகாண சபை உயிரோடு இருந்த காலத்திலும் ஆசிரியர் சேவையின் கடிவாளம் மக்கள் பிரதிநிதிகளின் கையில் முழுமையாக இருந்ததில்லை.

இப்பொழுதோ சபையே இல்லை. 2017 செப்டெம்பர் முதல் 2019 வரையில் ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாயின. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017 இல் ஒரு திருத்தச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றினர். அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதனைச் சமர்ப்பித்த மந்திரியே அதற்கு எதிராக வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டது. புதிய முறை நிறைவேறவில்லை. இடையில் தேர்தல் காணாமற் போயிற்று. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின, சனாதிபதிகள் மாறினர், ஆளுநர்கள் வந்து போயினர். மாகாணக் கல்விக்குப் பொறுப்பான மந்திரி ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு ஆண்டுகள் பல கடந்தும் மக்களுக்குக் கிட்டவில்லை.

இந்த வெற்றிடத்தில் என்ன நடக்கிறது? பொறுப்பான இடம் வெறுமையாக இருக்கும்போது செல்வாக்கு அங்கே குடியேறும். வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளியாகிறது. மறுவாரமே "இணைப்பு" என்ற பெயரில் பட்டினத்துக்குத் திரும்புவோர் பட்டியல் எழுதாமல் எழுதப்படுகிறது. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம், தொழிற்சங்கத்தின் அழுத்தம், திணைக்களத்தில் உள்ள உறவினர் ஆகிய மூன்றில் ஒன்று உள்ளவர் யாழ்ப்பாண நகரில் தங்குவார். மூன்றும் இல்லாதவர் துணுக்காய்க்கும் மடுவுக்கும் போவார். நகரப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஆள் மிகை. கிராமப் பள்ளிகளில் ஒருவரே மூன்று பாடங்களுக்கு. நிரந்தர அதிபர் இன்றிப் பதில் அதிபரின் கீழ் ஆண்டுக்கணக்காக நடக்கும் பள்ளிகளின் பெற்றோருக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிரியர்மீது நாம் குற்றஞ் சுமத்தவில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, பேருந்து ஏறி வன்னி சென்று, இருட்டில் வீடு திரும்பும் ஆசிரியைகளின் துயரம் நமக்குத் தெரியும். இரண்டு அறையுடைய பாதுகாப்பான விடுதி ஒன்று பள்ளிக்கருகே இருக்குமானால் அவர்களுள் பலர் அங்கேயே தங்கிக் கற்பிப்பர். அவ்விடுதியைக் கட்டக் காணி தரவும் காவல் நிற்கவும் கிராமம் ஆயத்தமாக இருக்கும். ஆனால் கிராமத்தைக் கேட்பவர் யார்? கேட்கவேண்டிய சபை எங்கே?

பழைய காலம் பொற்காலமா?

"அரசாங்கம் பள்ளிகளை எடுத்ததால் வந்த வினை இது, முகாமையாளர் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று பெருமூச்சு விடும் முதியோர் உளர். அவர்களின் ஏக்கத்தில் பாதி நியாயம் உண்டு. 1848 இல் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் தொடங்கிய வித்தியாசாலையும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் நடத்திய பாடசாலைகளும், மிஷன் சபைகள் எழுப்பிய கல்லூரிகளும் இல்லாவிடில் தமிழர் கல்வி இல்லை. பிடியரிசி சேர்த்தும், மலாயாவில் உழைத்து அனுப்பிய பணத்தைக் கொண்டும் ஓலைக் கொட்டகையைக் கல்வீடாக்கிய மக்கள் நம் மக்கள்.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த முகாமையாளர்களைத் தெரிந்தெடுத்தவர் பெற்றோர் அல்லர். ஆசிரியரின் வேலை முகாமையாளரின் புருவ அசைவில் தொங்கியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிகளில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடத்தில் நிலத்திலே இருத்தப்பட்டனர். உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற அரச ஆணை 1929-30 இல் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. அன்று சம ஆசனத்தின் பக்கம் நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசை நாம் நன்றியோடு நினைக்கிறோம். பள்ளியைக் கொளுத்தியவர்களும் "எங்கள் ஊர்ப் பள்ளி, எங்கள் உரிமை" என்றுதான் கூவினர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

1945 இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் சொத்துகளையும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. கதவு அடைக்கப்பட்டிருந்த பல பிள்ளைகளுக்கு அதனால் கதவு திறந்தது உண்மை. ஆயினும் முகாமையாளரின் நாற்காலியில் பணிப்பாளர் அமர்ந்தாரேயன்றிப் பெற்றோருக்கு ஒரு வாங்குதானும் போடப்படவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் மாவட்டப் பாடசாலைக் குழுக்களை அமைத்தபோது அவற்றின் தலைமை வெள்ளைக்கார அரசாங்க அதிபருக்கே இருந்தது. நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும் தலைமை மேலிருந்து வருவதாகவே உள்ளது. கவர்னர் போனார்; முகாமையாளர் போனார்; மந்திரி வந்தார்; ஆளுநர் வந்தார். பெற்றோர் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர்.

குளக்கட்டில் நடப்பது

"படிப்பறிவு குறைந்த கிராமத்தவருக்குக் கல்வி நிர்வாகம் என்ன தெரியும்?" என்று கேட்கும் அதிகாரி வர்க்கத்துக்கு நாம் ஓர் இடத்தைக் காட்டுகிறோம். அது இரணைமடுக் குளம்.

20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயலுக்கு நீர் தரும் அக்குளத்தின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபர் தலைமை வகிக்கிறார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நீர் என்று கணக்குச் சொல்கிறார். கமநல உத்தியோகத்தர் இருக்கிறார். எதிரே கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கின்றனர். எந்த நாளில் துருசு திறப்பது, எந்த நாளில் விதைப்பை முடிப்பது, கால்நடையை எந்த நாளுக்குள் கட்டுவது, சிறுபோகத்துக்கு நீர் போதாவிடில் எத்தனை ஏக்கரை யார் யாருக்குப் பங்கிடுவது எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. சச்சரவு உண்டு; உரத்த குரல் உண்டு; ஈற்றில் தீர்மானம் உண்டு. அத்தீர்மானம் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வலுவுடையது. முத்தையன்கட்டிலும் கட்டுக்கரையிலும் பாவற்குளத்திலும் இதுவே முறை.

ஓர் அடி நீரை ஆயிரம் வயல்களுக்குப் பங்கிடத் தெரிந்த மனிதருக்குப் பத்து ஆசிரியரை ஐந்து பள்ளிகளுக்குப் பங்கிடத் தெரியாதா? பொறியியலாளர் குளக்கட்டில் நின்று கமக்காரருக்குக் கணக்குச் சொல்லும்போது அவருடைய பட்டத்துக்கு இழுக்கு வரவில்லை. வலயக் கல்விப் பணிப்பாளர் பெற்றோர் முன்னிலையில் நின்று, "என் வலயத்தில் இத்தனை வெற்றிடம், இத்தனை மிகை, இத்தனை பணம் வந்தது, இத்தனை செலவாயிற்று" என்று ஆண்டுக்கொரு முறை சொல்வதால் என்ன குறைந்துவிடும்? நெல்லுக்குக் கூட்டம் கூட்டுகிற நாட்டில் பிள்ளைக்குக் கூட்டம் இல்லை என்பது வெட்கக்கேடு.

"பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே!" என்பர். இருக்கிறது. அதன் தலைவர் பதவி வழியாக அதிபரே. கணக்குக் கேட்கவேண்டிய சங்கத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியவர் தலைவர்! மதில் கட்டவும் வர்ணம் பூசவும் பரிசளிப்பு விழாவுக்கும் காசு திரட்டும்போது பெற்றோரின் நினைவு வருகிறது. ஆசிரியரை யார் அனுப்புவது, அதிபரை யார் நியமிப்பது என்ற பேச்சு எழுந்தால், அது சங்கத்தின் வேலை அன்று என்ற விடை வருகிறது.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் ஏறத்தாழ 13,000 கல்வி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சிறு பட்டினத்துக்கும் தனி மாவட்டம் உண்டு. பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் வாக்களித்துக் கல்விச் சபையைத் தெரிவு செய்கின்றனர். அச்சபையே கல்வி அத்தியட்சகரை நியமிக்கிறது. வரவு செலவைப் பகிரங்கக் கூட்டத்தில் நிறைவேற்றுகிறது. கமக்காரரும் கடைக்காரரும் அங்கே எழுந்து கேள்வி கேட்கலாம். இங்கிலாந்தில் 1980களின் கல்விச் சட்டங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் தெரிந்தெடுத்தவர்க்கு இடம் தந்தன. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் தன் 21 ஆம் பிரிவில் விதித்தது. கேரளம் 1990களிலேயே பள்ளிகளைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாய் உட்காரும் நாற்காலியில் இப்பால் உள்ள தாய் உட்காரக் கூடாதா?

அந்நாடுகள் சுவர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. அமெரிக்க மாவட்டங்கள் பெரிதும் ஊர்ச் சொத்து வரியை நம்பியிருப்பதால், செல்வர் வாழும் ஊரில் செல்வப் பள்ளியும் வறியோர் வாழும் ஊரில் வறிய பள்ளியுமாயிற்று. இவ்வேற்றுமை மத்திய அரசியலமைப்புக்கு முரணன்று என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1973 இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்த்தது. இன்னொன்றும் உண்டு. 1954 இல் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் புகழ்பெற்ற பிரவுண் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் எதிர்வாதியாக நின்றது எது? தொப்பீக்கா நகரின் கல்விச் சபை! ஊரின் சபை ஊரின் அநீதியையும் காக்கக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் 1930 சாட்சி; அமெரிக்காவில் 1954 சாட்சி.

ஆகவே நாம் கேட்பது வேலியில்லாத உரிமை அன்று. பணத்தை ஊரின் செல்வத்தைப் பார்த்து அல்ல, பிள்ளைகளின் தொகையையும் தேவையையும் பார்த்து நாடு தரட்டும். பரீட்சையும் பாடத்திட்டத்தின் அடிப்படையும் பொதுவாக இருக்கட்டும். சாதி, சமயம், வறுமை காரணமாக எந்தப் பிள்ளையையும் தள்ளும் சபையைக் கலைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கட்டும். இந்த வேலிக்குள் எந்த ஆசிரியர் எங்கே வேண்டும், எந்தக் கட்டடம் முதலில், எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு என்பன ஊரவர் தீர்மானிக்க வேண்டியவை.

நம் தலைவர்கள் சொல்ல வேண்டிய விடை

பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 ஜூலை 26 இல் கைச்சாத்தானபோது பிராந்திய சபைகளுக்குரிய விடயங்களுள் கல்வியும் இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. அதனைக் கிழித்தவர்களை நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டித்து வருகிறோம், இன்னும் கண்டிப்போம். ஆனால் கையில் கிடைத்த சிறிதளவைத் தலைவர்கள் எவ்வாறு கையாண்டனர் என்று கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

2013 செப்டெம்பரில் வட மாகாண மக்கள் பெரும் ஆணை ஒன்றை வழங்கினர். ஐந்தாண்டுக் காலம் சபை இருந்தது. தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில் நிறைவேறின. நியதிச் சட்டங்களோ சொற்பம். ஆளுநரின் முட்டுக்கட்டைகளை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வலயக் கல்வி நிர்வாகத்தில் பெற்றோருக்கு வாக்குரிமை தரும் நியதிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, "இதோ, ஆளுநர் தடுக்கட்டும், நாடு பார்க்கட்டும்" என்று சபை ஏன் சவால் விடவில்லை? மாறாக, 2017 இல் முதலமைச்சர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்துக் கல்வி மந்திரி பதவி விலக நேர்ந்த செய்தியும், அதையொட்டி எழுந்த நம்பிக்கையில்லாத் தீர்மானப் போரும் பத்திரிகைகளை நிரப்பின. மத்தியைப் பார்த்து "அதிகாரம் தா" என்று கேட்கும் வாய், கிராமத்தைப் பார்த்து "அதிகாரம் எடுத்துக்கொள்" என்று சொல்லத் தயங்குவது ஏன்? மீண்டும் தேர்தல் வரும். அப்போது வாக்குக் கேட்டு வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய கோரிக்கையும் அன்று. மொனராகலைச் சிங்களக் கமக்காரரின் பிள்ளைக்கும் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. நுவரெலியாத் தோட்டப் பள்ளிகளின் குறையை உரைக்க ஏடு போதாது. நாம் இருக்கும் இக்கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலாந் தர அனுமதிக்காகப் பெற்றோர் படும் பாட்டைப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர் போடுகின்றனர். புதுக்குடியிருப்புக் கூலி விவசாயி பன்னிரண்டாம் உறுப்புரையின் சமத்துவத்தைத் தேடிப் புதுக்கடைக்கு வருவாரா? பொரளைச் சந்தி வழியாகப் பத்தரமுல்லை செல்லும் பேருந்துகளில் கோப்புக் கட்டுகளோடு நிற்கும் வடக்குக் கிழக்கு ஆசிரியரை நாள்தோறும் காண்கிறோம். இருநூறு மைல் கடந்து வந்து ஒரு கையெழுத்துக்குக் கை கட்டி நிற்பவர் தம் பிள்ளைகளுக்குத் தலை நிமிர்வைக் கற்பிப்பது எங்ஙனம்?

செய்ய வேண்டியது

நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது, மாகாண சபைத் தேர்தல் தாமதமின்றி நடக்க வேண்டும். புதிய எல்லைகள் நிறைவேறவில்லையெனில், ஒரு சிறு திருத்தத்தால் பழைய விகிதாசார முறைக்குத் திரும்பலாம். அதற்கு வேண்டியது மனம் ஒன்றே.

இரண்டாவது, வலயந்தோறும் கல்விச் சபை. அதில் மூன்றில் இரு பங்கினர் பெற்றோரால் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவானோர். பாதிப் பேர் பெண்கள். எஞ்சியோர் ஆசிரியர், பழைய மாணவர், பிரதேச சபையின் பிரதிநிதிகள்.

மூன்றாவது, ஒவ்வொரு பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் உள்ள ஆளணியும் ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி வாயிலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இடமாற்றமோ இணைப்போ எதுவாயினும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் தெரிவு செய்யப்பட்ட பெற்றோராக இருக்க வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் பகிரங்கமாக வேண்டும்.

ஐந்தாவது, மாகாணத்தின் சம்மதமின்றி எப்பள்ளியும் தேசியப் பாடசாலையாக மாற்றப்படலாகாது. பிள்ளைத் தொகை குறைந்தது என்று கூறி எச்சிற்றூர்ப் பள்ளியையும் அவ்வூரைக் கேளாமல் மூடலாகாது. ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் நாட்டில் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றுள் பல, போரினால் இடம்பெயர்ந்த மக்கள் திரும்பி வந்து விளக்கேற்றிய பள்ளிகள்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்தப் பிரசையும் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதி, தம் பள்ளியின் ஆளணி வெற்றிடத்தையும் இணைப்பில் சென்றோர் விபரத்தையும் கேட்கலாம். அவற்றை வழங்குவதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாள்களுள் தர அதிகாரி கடமைப்பட்டவர். தராவிடில் மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு உண்டு. ஒரு கிராமம் கேட்டால் கோப்பில் போடுவர். ஒரு வலயத்தின் எல்லாக் கிராமங்களும் ஒரே வாரத்தில் கேட்டால் கோப்பு வாய் திறக்கும்.

கமக்காரத் தோழர்களே! அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகும்போது இதே முறையைப் பள்ளிக்கும் கேளுங்கள். கமக்கார அமைப்பின் தீர்மானமாக எழுதி வலயத்துக்கு அனுப்புங்கள். வழக்கறிஞரே, கணக்காளரே, வைத்தியரே! நீங்கள் படித்த கிராமத்துப் பள்ளியின் அபிவிருத்திச் சங்கப் பொதுக் கூட்டத்துக்கு ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். நீங்கள் தரும் நன்கொடைக் காசோலையைக் காட்டிலும் அங்கு எழுந்து நீங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுங்கள்; கணக்கு வாசிக்கத் தெரியாதவர்க்கு வாசித்துச் சொல்லுங்கள்.

நம் முன்னோர் பிடியரிசி கொடுத்துப் பள்ளி கட்டினர். பள்ளியை நடத்தும் உரிமையைப் பெறவில்லை. நம் பெற்றோர் வாக்குக் கொடுத்துச் சபை அமைத்தனர். சபை பள்ளிவரை வரவில்லை. அரிசியும் வாக்கும் கொடுத்தவர் இனிக் கணக்குக் கேட்கும் காலம் இது. இவ்வாரமே உங்கள் வலய அலுவலகத்தின் படியேறுங்கள். கைகட்டி அல்ல; கையில் விண்ணப்பத்தோடு!